எட்டின் இடுப்பு

தனக்கு முன்னால் பதினோரு பேர் என்று செல்வநாயகி எண்ணி முடிப்பதற்குள் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் காலை ஊன்றிவிட்டான், பத்துப் பேர் ஆனார்கள். அலட்சியம், என்று அவள் மனசு உடனே எழுதிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவன் முடியைக் கோதிவிட்டுக்கொண்ட விதத்திலேயே அது தெரிந்தது. போக்குவரத்து அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த அந்த மண் மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிய எட்டு ஒன்று போட்டிருந்தார்கள். மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம், இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இடுப்பு ஒடுங்கி, கையும் காலும் வரைய மறந்துபோன பொம்மை மாதிரி. அந்தக் கோட்டின் மேலேயே வண்டியில் ஒரு சுற்று வர வேண்டும், கால் தரையில் பட்டால் போயிற்று, அவ்வளவுதான் சட்டம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட ஒரே மூச்சில் விளங்கவைத்துவிடலாம். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது, இது நாலாவது தடவை. இன்றைக்கு வியாழன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் ஓணாங்கரடு தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியையாகப் போய்ச் சேர வேண்டும். வீட்டிலிருந்து பதினேழு கிலோமீட்டர். அந்தப் பக்கம் பஸ் பதினொன்றரைக்கு ஒன்று, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்று, மற்ற நேரத்தில் மயில்தான் போகும். இன்றைக்குக் கால் பட்டால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி வரலாம், திங்கட்கிழமை ஏழு நாள் காத்திருக்காது. லைசன்ஸ் இல்லாமலே ஓட்டிக்கொண்டு போயேன் என்று தம்பி சொன்னான். தலைமையாசிரியை முதல் நாளே களவாணித்தனமாகப் போய் இறங்குவதா? போகாவிட்டால் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை எழுதிக் கொடுத்தாயிற்று, இரண்டாவது தடவையும் கொடுத்தால் அப்புறம் கேட்பார் இல்லை.

ஒன்பது பேர். இப்போது ஊன்றியவள் பச்சைத் துப்பட்டாக்காரி, முகம் வெளுத்துப் போயிருந்தது. பயந்த சுபாவம், என்று எழுதிற்று மனசு. அதற்கடுத்த கனத்த ஆள், சோம்பல். செல்வநாயகிக்கு இது இருபத்தாறு வருஷப் பழக்கம். பிள்ளைகளின் பதிவேட்டில் குறிப்பு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் ஒரு சொல்தான் கொள்ளும். துடுக்கு. கவனக்குறைவு. கூச்சம். ஒரு பிள்ளையை ஒரே சொல்லில் பிடித்துவிடுவதில் அவளுக்கு ஊருக்குள் பேர் உண்டு, தாய்மார்களே வந்து, அட நீங்க சொன்னது நெசந்தானுங்க டீச்சர் என்று வியந்துவிட்டுப் போவார்கள். அவளுக்கு நேர் முன்னால் நின்றவர் நாச்சிமுத்து. வரிசையில் நிற்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷமே தன் பேர், ஊர், ஓடுகிற தறி, நிற்கிற தறி, மகளைக் கட்டிக் கொடுத்த இடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "முப்பது வருசமா ஓட்டறனுங்க, ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்துனதில்லை. இப்பப் பாருங்க, மருமவன் போலீஸ்ல சேந்துட்டான். லைசன்ஸ் எடுக்காம ஊட்டுப் பக்கம் வராதீங்க மாமான்னு எம் மூஞ்சிக்கு நேராச் சொல்றான்." வளவளப்பு, என்று அவருக்கு ஒரு கட்டம் நிரப்பினாள். அவர் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க டீச்சருங்களா? நின்ன நெலையிலயே தெரியுதுங்க. அந்த நிமிர்வு மத்தவிங்களுக்கு வராது" என்றார். அவள் நிமிர்ந்து நின்றதற்குக் காரணம் சுடிதாரின் நாடா. வாழ்க்கையில் முதல் தடவையாகப் போட்ட சுடிதார், மகள் விட்டுவிட்டுப் போனது, நாடாவைச் சரியாக இறுக்கவில்லையோ என்று வீட்டிலிருந்தே ஒரு சந்தேகம். கொஞ்சம் குனிந்தால் என்ன ஆகுமோ என்று வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறாள், இந்த மனுஷர் அதைப் போய் நிமிர்வு என்கிறார். உள்ளே இருப்பவளுக்குத்தானே நாடா தெரியும்.

சுடிதார் எதற்கு என்றால், இரண்டாவது தடவை தோற்றது சேலையால். கொசுவம் காற்றில் உப்பிக்கொண்டது, கால் பக்கம் பார்க்கப்போய் வண்டி சாய்ந்துவிட்டது. அப்படித்தான் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். முதல் தடவை தோற்றது அவள் வீட்டுக்காரரால். சிவசாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார், ஒருத்தர் அப்படி வெறிக்கப் பார்த்தால் யாருக்குத்தான் கை நடுங்காது? உள்ளே வராதீங்க, இனிமேல் டீக்கடையோடு நின்றுகொள்ளுங்கள் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். இன்றைக்கும் அவர் டீக்கடையோடு நின்றுகொண்டார். பொண்டாட்டி நாலாவது தடவையாகப் போகிறாளே, கூட வந்து நிற்போம் என்று தோன்றுகிறதா பார், அக்கறை இருந்தால் தோன்றாதா என்று வாசலில் இறங்கும்போதே அவளுக்கு ஒரு முணுக்கென்ற கோபம். மூன்றாவது தடவை ஒரு ஆட்டுக்குட்டி. மைதானத்துக்குள் அது எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அது எட்டுக்குள்கூட வரவில்லை, ஓரமாகத்தான் நின்றது, ஆனால் வரும் என்று தோன்றியது அல்லவா? பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டுக்கொண்டே இருந்த கணக்கு வாத்தியார் தலையை ஆட்டினார், அந்தத் தலையாட்டலில் ஏதோ இருந்தது. அவரும் ஒரு கட்டம் வைத்திருப்பாரோ? அதில் என்ன எழுதியிருப்பார்? அதை நினைத்ததும் ஹெல்மெட்டுக்குள் காது சூடாகிவிட்டது. உடனே ஆட்டுக்குட்டியை மறுபடி ஒரு தடவை நினைத்துக்கொண்டாள். வெள்ளைக் குட்டி, நெற்றியில் கறுப்பு. பொய்யில்லை, இருந்தது.

ஏழு பேர். பிரேக் இன்ஸ்பெக்டர் வேப்பமரத்து நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஒவ்வொருவரும் போகும்போது வாயை ஒரு பக்கமாகக் கோணினார். கல்நெஞ்சு என்று அவருக்கு முதல் தடவையே எழுதியாகிவிட்டது. வெயில் ஏற ஏறச் சுண்ணாம்புக் கோடு கண்ணைக் குத்தியது. அவள் பார்வையை எடுத்து நிழலில் வைத்தாள், நிழலில் ஓணாங்கரடு வந்தது. போன சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள், சிவசாமிதான் வண்டியில் கூட்டிப்போனார். கரட்டுக் குன்றடியில் இரண்டே வகுப்பறை, முன்னால் புளியமரம், இருபத்துமூன்று பிள்ளைகள். ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து ஒரு சிறுமி, பெரிய டீச்சர் நீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது, திங்கட்கிழமை தெரியும் என்றாள். அதற்கு அந்தப் பிள்ளை, "திங்கக்கெழமை எனக்குப் பொறந்த நாளுங்க டீச்சர், சாக்லெட் தருவேன்" என்று சொல்லி, உடனே விரலை விட்டு எண்ணி, "உங்களுக்கு ரெண்டு" என்றது. மூன்று வருஷத்துக்கு முன்பே வேறொரு பள்ளிக்கு அவளுக்கு இந்த வேலை வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். வீட்டுச் சூழ்நிலை என்று எழுதினாள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, மாமனாருக்குக் கண் ஆபரேஷன், சிவசாமி அப்போதுதான் லேத் பட்டறையை இடம் மாற்றியிருந்தார், இவ்வளவையும் ஒரு சொல்லில் எழுத முடியுமா? அதற்கும் ஒரு வருஷத்துக்கு முன்னால் விசாலாட்சி டீச்சர் எழுதிக் கொடுத்தபோது மட்டும், பொறுப்பு என்றால் ஓடிப்போகிற சுபாவம் என்று இவள் ஒரே வரியில் சொன்னாள், சொன்னதற்கு நாலு பேர் சிரித்தார்கள், சிரித்தது இவளுக்குப் பிடித்திருந்தது. விசாலாட்சிக்கு வீட்டில் என்ன? மாமனார் உண்டா? பிள்ளைகள் என்ன படித்தார்கள்? பக்கத்து நாற்காலியில் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தவள். யோசித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கேட்டதே இல்லை. அந்த நினைப்பு ஊக்கு மாதிரி எங்கேயோ மாட்டிக்கொண்டது, இழுத்தால் கிழியும் போலிருந்தது, விட்டுவிட்டாள்.

"டீச்சர், பாருங்க பாருங்க" என்றார் நாச்சிமுத்து. ஒரு பெண் கால் படாமல் முழுச் சுற்றும் வந்துவிட்டாள். வரிசையில் இருந்தவர்கள் ஓவென்றார்கள், இன்ஸ்பெக்டர் வாயைக் கோணிக்கொண்டே தாளில் ஒரு கோடு போட்டார். "அவளுக்கு வண்டி புதுசுங்க" என்றார் பின்னால் நின்றவர். "எலந்தாரிப் புள்ளை, ஒடம்பு வளையுது" என்றார் நாச்சிமுத்து. செல்வநாயகியும் அதையேதான் நினைத்திருந்தாள், வண்டி புதுசு. நன்றாக ஓட்டினாள் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பது ஒரு நொடி தோன்றி மறைந்தது. ஐந்து பேர், நாலு பேர். வயிற்றுக்குள் ஏதோ ஒன்று பல்லி மாதிரி ஓடி நின்றது, மறுபடி ஓடியது. போன மாதம் முழுக்கப் பட்டறைக்குப் பின்னால் காலி மனையில் தினமும் இருபது தடவை எட்டுப் போட்டிருக்கிறாள். செங்கல் வைத்துப் போட்டிருக்கிறாள், செம்பில் தண்ணீர் வைத்துச் சுற்றிப் போட்டிருக்கிறாள், பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங்க நாயகி, ஏதாச்சும் வேண்டுதலா?" என்று கேட்டிருக்கிறாள். அங்கே கால் பட்டதில்லை. அப்படியென்றால் குற்றம் அவளிடம் இல்லை, இந்த மைதானத்திடம்தான். இதுதான் நியாயமான முடிவு. இதைவிட நியாயமான முடிவு வேறொன்று இருப்பதாக அவளுக்கு ஒரு சந்தேகம், அது பல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

நாச்சிமுத்துவின் முறை வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "டீச்சர், ஒரு நிமிசம் இந்தப் பையைப் புடிங்க, வந்தர்றேன்" என்று மருமகன் வீட்டுக்குப் போகிற தோரணையில் வண்டியில் ஏறினார். மேல் வட்டம் நன்றாகத்தான் வந்தார். முப்பது வருஷ ஓட்டம், அதை மறைக்க முடியாது. இடுப்புக்கு வந்தார், ஒடுங்கிய அந்த இடத்தில் வண்டி ஒரு தடவை வாலை ஆட்டிற்று, வலது கால் நட்ட கம்பம் மாதிரி இறங்கிற்று. கவனக்குறைவு, என்று மனசு எழுதிற்று, எழுதி மை காயுமுன் வளவளப்பு என்பதற்குப் பக்கத்திலேயே சேர்த்தும் வைத்தது. பேசிக்கொண்டே இருந்தால் கவனம் எங்கே இருக்கும்? பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். "மண்ணுங்க டீச்சர். அந்த எடத்துல மண்ணு சரியுதுங்க. காலையில தண்ணி தெளிச்சிருக்கோணும், தெளிக்கல. அதும் போக வேட்டி மடிப்பு அவுந்துக்குச்சு. நாம் பாட்டுக்கு வந்தனுங்க, அந்த மனுசன் வேற கரெக்டா அந்நேரம் இருமுறாரு." செல்வநாயகி உதட்டை இழுத்து ஒரு சிரிப்பு சிரிக்கப்போனாள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை, நோட்டை மாடு தின்னுடுச்சு டீச்சர் என்று சொல்லும்போது சிரிக்கிற அந்தச் சிரிப்பு. பாதியில் அது நின்றது. கொசுவம் உப்பிக்கொண்டது, வேட்டி அவிழ்ந்துகொண்டது. ஒருத்தர் வெறித்தார், ஒருத்தர் இருமினார். ஆட்டுக்குட்டி ஓரமாக நின்றது, மண் சரிந்தது. அட, இது என் பாட்டு அல்லவா, ராகம்கூட மாறவில்லையே! நிறுத்தின சிரிப்பு வேறு வழியாகக் கிளம்பியது. அடிவயிற்றிலிருந்து, நாடாவைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல், குலுங்கிக்கொண்டு வந்தது. ஹெல்மெட்டுக்குள் மாட்டிக்கொண்ட சிரிப்பு வெளியே போக வழியில்லாமல் காதுக்குள் எதிரொலித்தது, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "என்னங்க டீச்சர், சிரிக்கறீங்க?" என்று நாச்சிமுத்து முகம் சுருங்கிக் கேட்டார். "உங்களையில்லைங்க, எங்கூட்டு ஆட்டுக்குட்டியைங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் சிரித்தாள். டீச்சருக்கு வெயில் ஏறிவிட்டது என்று அவர் ஒரு கட்டம் நிரப்பியிருப்பார், நிரப்பட்டும்.

சிரிப்பு அடங்கினபோது உள்ளே ஒரு இடம் காலியாகி, பெருக்கி விட்ட வாசல் போலக் கிடந்தது. மாட்டியிருந்த ஊக்கு தானாகக் கழன்று வந்தது. வண்டியில் உட்கார்ந்தால் வழி தெரிகிறது, தன்னைத் தெரிவதில்லை. முன்னால் மண், கோடு, ஆடு, காற்று, எல்லாம் கண்ணுக்கு நேராக இருக்கிறது. வரிசையில் நின்றால் ஓட்டுகிற ஆள்தான் கண்ணை நிறைக்கிறான், அவன் சக்கரத்துக்கு அடியில் இருக்கிற மண் இங்கிருந்து தெரிவதில்லை. ஒரே மைதானம்தான், நிற்கிற இடம்தான் வேறு. இருபத்தாறு வருஷம் வரிசையிலேயே நின்று எழுதியிருக்கிறோமே என்று நினைத்தபோது துக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை, வெட்கம் வந்தது. அந்த வெட்கமும் கன்னத்தில் யாரோ கிள்ளின மாதிரி இனிப்பாகத்தான் இருந்தது. சிவப்புச் சட்டைக்காரனுக்கு எழுதினதை அழித்தாள். பச்சைத் துப்பட்டாவுக்கு எழுதினதை அழித்தாள். அவசரப்பட வேண்டாம், சிலர் நிஜமாகவே அலட்சியக்காரர்கள்தான், அதுவும் உண்டு, சிவப்புச் சட்டையை மட்டும் பென்சிலால் வைத்துக்கொள்ளலாம். சரி, மற்றவர்களுக்கெல்லாம் மண்ணைப் பார்த்தாயிற்று, இந்த வரிசையில் இருந்து உன்னைப் பார்த்தால் என்ன தெரியும் செல்வநாயகி? இடுப்பு வருகிறது. தான் வந்த வழியைத் தானே வெட்டிக்கொண்டு போக வேண்டிய இடம். பழுப்புச் சுடிதார்க்காரி, நாற்பத்தெட்டு வயது, வண்டி அங்கே வந்ததும் என்ன செய்கிறாள்? கண்ணை மூடிக்கொள்கிறாள். மூன்று தடவையும் மூடிக்கொண்டாள். ஊசி போடும்போது மூடுவாளே, அது மாதிரி. இது அவளுக்குத் தெரியும், முதல் தடவையிலிருந்தே தெரியும், ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். காலி மனையில் மூடுவதில்லை, ஏனென்றால் அங்கே யாரும் பார்ப்பதில்லை. சே, இவ்வளவுதானா? பல்லி ஓடின இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. இது ஊசிக்குப் பயப்படுகிற பிள்ளையின் விஷயம். அந்தப் பிள்ளைகளிடம் அவள் என்ன சொல்வாள்? கண்ணை மூடாதே, ஊசியைப் பாரு, எவ்வளவு சின்னதா இருக்குதுன்னு பாரு என்பாள். சொன்னால் பார்ப்பார்கள். பார்த்தால் அழுகை பாதியாகும்.

"அடுத்து" என்று யாரோ கூப்பிட்டார்கள். நாச்சிமுத்துவின் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் போனாள். நாற்காலியைத் தாண்டும்போது இன்ஸ்பெக்டரிடமிருந்து கிராம்பு வாசனை வந்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் இடது கன்னம் இட்லி மாதிரி வீங்கியிருந்தது. பல்வலிக்காரர் கிராம்பை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தள்ளுகிறார், அது வரிசைக்கு வாயைக் கோணுவதாகத் தெரிகிறது. ஆனால் போன மாதமும் கோணினாரே, போன மாதமும் பல்வலியா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதை யோசிக்க இப்போது நேரமில்லை, சாவி திரும்பிவிட்டது. வண்டி நகர்ந்தது. மேல் வட்டம். காலுக்கடியில் சின்னச் சின்னக் கூழாங்கல், எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது, ஒன்று சிவப்பு. காற்று இல்லை. வேலி, வேப்பமரம், வரிசை, மறுபடி வேலி, எல்லாம் மெதுவாக ஒரு பக்கமாகச் சுற்றின. இதோ வருகிறது, இதோ, இடுப்பு. இமை தானாக இறங்கப் பார்த்தது, பாரு நாயகி, எவ்வளவு சின்னதா இருக்குது பாரு. பார்த்தாள். சின்னதாகத்தான் இருந்தது. இரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின இடத்தில் சுண்ணாம்பு கலைந்து, ஒரு கைப்பிடி மண் பொடியாகக் குவிந்திருந்தது. அட, நாச்சிமுத்து சொன்னது நெசம், மண் இருக்கிறது! கண்ணை மூடியிருந்தால் நேராக அதில்தான் போயிருப்பாள், மூன்று தடவையும் அதில்தான் போயிருக்கிறாள். ஒரு விரல் அளவு கைப்பிடியைத் திருப்பினாள். பின்சக்கரம் லேசாக முனகிற்று, பாதத்தில் அந்தச் சரிவு தெரிந்தது, முழங்கால் கீழே இறங்க ஒரு தரம் துடித்தது. இறங்கவில்லை. தாண்டிவிட்டது. கீழ் வட்டம் தானாக வந்தது, கோலத்தில் கடைசி இழை வந்து சேருகிற மாதிரி. ஆரம்பித்த இடத்திலேயே வந்து நின்றபோது நிறுத்த மனசு வரவில்லை, இன்னொரு எட்டுப் போடவா சார் என்று கேட்டுவிடப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு கோடு போட்டார். "போலாம்மா. பாஸு" என்றார். அவர் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை, வீங்கின வாய்க்குள் அந்தச் சொல் உருண்டு வந்தது. வரிசை ஓவென்றது. அதற்குள்ளேயே பின்னாலிருந்து ஒரு குரல், "காத்து நின்னுபோச்சுங்க, டீச்சருக்கு நல்ல நேரம்." இன்னொரு குரல், "வண்டி கனமில்லாத வண்டி. ஆரு ஏறுனாலும் போடலாம்." சுருக்கென்றது. ஒரு மாசம் செங்கலையும் செம்பையும் சுற்றினது யாருக்குத் தெரியும்? திரும்பி நின்று சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள், சுருக்கென்றது அப்படியே சிரிப்பாய் மாறிவிட்டது. இவர்கள் வரிசையில் அல்லவா நிற்கிறார்கள், இங்கிருந்து செங்கல் தெரியாது. நாச்சிமுத்து மட்டும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்தார். "கெலிச்சுட்டீங்க டீச்சர்! எப்படிங்க?" அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "மண்ணு இருக்குதுங்க. நீங்க சொன்னது நெசம். வலது பக்கம் ஒரு விரக்கடை தள்ளிப் போனீங்கன்னா தெரியவே தெரியாது." அவர் முகத்தில் வெளிச்சம் ஏறினதைப் பார்க்க வேண்டுமே. "அதைத்தானுங்க நானும் சொன்னேன்! இத்தனை பேர்ல ஒருத்தனும் நம்புலீங்களே!" "நானுந்தானுங்க நம்பலை." "அட, அதுக்கென்னங்க, இப்ப நம்பீட்டீங்கள்ல. அடுத்த வியாழக்கெழமை பாருங்க, கண்ணைக் கட்டிட்டுப் போடறேன்." "ஐயையோ, கண்ணை மட்டும் மூடீராதீங்க" என்றாள் செல்வநாயகி.

வாசலுக்கு வெளியே டீக்கடையில் சிவசாமி இருந்தார், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுவரில் பார்க்க ஒன்றுமே இல்லை. கையில் டம்ளர், ஆடை கட்டிப்போன டீ, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. "ஏனுங்க, திரும்புங்க" என்றாள். "திரும்பலாமா?" என்றார் அவர் சுவரிடம். "நீதான பாக்கக் கூடாதுன்ன." அவள் சொன்னதற்கப்புறம் மூன்று தடவையும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாராம், டீக்கடைக்காரர் சொன்னார், சத்தம் வருகிற பக்கம்கூடக் காதைக் கொடுக்க மாட்டாராம். அக்கறை இல்லாத மனுஷனை அவள் நன்றாகப் பார்த்தாள். பின்கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. "பாஸ் பண்ணீட்டனுங்க மாமா" என்றாள். அவர் திரும்பினார், ஆடை கட்டின டீயை ஒரே மடக்கில் குடித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ சூடு என்றார். சூடு ஆறி அரை மணி ஆகியிருக்கும். "ஏறுங்க" என்றாள். "எங்க?" "பின்னாடிங்க." அவர் பின்சீட்டை யாரோ பெரிய மனுஷர் வீட்டு நாற்காலியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "திங்கக்கெழமை நீங்க வரமாட்டீங்க, அதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் கூட்டிட்டுப் போறேன், ஏறுங்க." ஏறினார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் தொடையிலும் அப்புறம் கம்பியிலும் வைத்தார். வண்டி அவர் கனத்துக்கு அமுங்கி, நிதானமாகக் கிளம்பியது. முகத்தில் காற்று அடித்தது, காற்றில் எங்கிருந்தோ வறுத்த கடலை வாசனை வந்தது. சாலை அவளுக்கென்றே பாய் விரித்த மாதிரி முன்னால் கிடந்தது. பதினேழு கிலோமீட்டர் இப்படியே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று பிரேக்கைப் பிடித்து வண்டியை வெடுக்கென்று ஒடித்தாள். "ஏ அம்மிணி! மெதுவா!" என்று பின்னாலிருந்து சிவசாமி கத்தினார். "உனக்கு எப்பவுமே அவசரம். பொறவியே அப்படி." இருபத்துநாலு வருஷம் அவர் முதுகைப் பார்த்து இவள் சொன்ன வாசகம், ஓர் எழுத்து மாறாமல் இப்போது இவள் முதுகைப் பார்த்து வந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "குழிங்க மாமா. முன்னால குழி இருக்குது. அங்கிருந்து உங்களுக்குத் தெரியாது." "குழியா? எங்க?" என்று அவர் எட்டிப் பார்த்தார். இரண்டு ஹெல்மெட்டும் டொக்கென்று முட்டிக்கொண்டன. வண்டி குழியின் விளிம்பை ஒட்டி வளைந்து போனது. அவர் அவள் தோளுக்கு மேலே முகத்தை வைத்தபடியே அது பின்னால் போகிற வரைக்கும் பார்த்தார். "ஆமா, பெரிய குழிதான்" என்றார்.